சிக்கனப் பொத்தானை எப்போது அழுத்துவது?

இந்நாளில் விற்பனைக்கு வரும் மோட்டார் கார்கள் பலவற்றில், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதன்மேல் 'ஈக்கோ' என்று ஆங்கில எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். அதை அழுத்தினால் முன்பலகையில் பச்சை நிறத்தில் ஓர் இலை ஒளிரும். அல்லது அதே எழுத்துகள் பச்சையாகத் தோன்றும். அழுத்திய கணத்திலிருந்தே பெட்ரோல் மிச்சமாகத் தொடங்கிவிடுகிறது என்பது பலருடைய எண்ணம். ஆகவே, கார் வாங்கிய அன்று அழுத்திய பொத்தானைப் பிறகு தொடாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் உண்டு. அழுத்தினால் வண்டி இழுக்காது என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒருநாளும் அதன்மேல் விரல் வைக்காதவர்களும் உண்டு. எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்ற கேள்வியை இவ்விரு சாராரும் கேட்டுக்கொண்டதில்லை. அதைப்பற்றி இன்று சிறிது ஆராயலாம் என்று கருதுகிறோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு; பொருளுக்குள் புகுமுன் சொல்லைத் தட்டிப் பார்ப்போம். 'ஈக்கோ' என்பது முழுச்சொல் அன்று, சொல்லின் துண்டு. சிக்கனம், பொருளாதாரம் என்று நாம் பெயர்த்து வழங்கும் 'எகானமி'க்கும், உயிர்களுக்கும் அவை வாழும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராயும் 'ஈக்காலஜி'க்கும் அதுவே தலைப்பகுதி. இரண்டும் 'ஒய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. 'ஒய்கோஸ்' என்றால் மனை, இல்லம். மனையை நடத்தும் முறைக்கே முதலில் எகானமி என்று பெயர். நம் வீடுகளில் சிக்கனமாகக் குடித்தனம் நடத்திய பெரியவர்கள் எதையும் செலவழிக்காமல் இருந்தவர்கள் அல்லர். விருந்தினர் வந்தால் இலையில் நெய்யைத் தாராளமாகவே விட்டார்கள். நோய் வந்தபோது வைத்தியத்துக்குக் கணக்குப் பார்க்கவில்லை. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மட்டும் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தார்கள். வேண்டிய இடத்திலும் செலவிட மறுப்பவனைத் தமிழில் கருமி என்கிறோம். காரில் உள்ள இந்தப் பொத்தானைச் சிக்கனம் தெரிந்தவராகவும் பயன்படுத்தலாம், கருமியாகவும் பயன்படுத்தலாம். இனி இதைச் 'சிக்கன முறை' என்றே குறிப்பிடுவோம்.

சிக்கன முறை வண்டிக்குள் செய்வது என்ன?

முன்னாளைய வண்டிகளில் இத்தகைய பொத்தானுக்கு இடமே இல்லை. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசிடர் காரை நேயர்கள் அறிவார்கள். தில்லியில் அரசாங்க வண்டி என்றாலே வெள்ளை அம்பாசிடர்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஓட்டுநர் வலது காலால் அழுத்தும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கும் இடையே அந்நாளைய வண்டிகளில் நேரான இணைப்பு இருந்தது. கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு வழி திறந்தது. இன்றைய கார்களில் அந்த நேர் இணைப்பு இல்லை. மிதி எவ்வளவு தூரம் அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் மின்கம்பி வழியாக ஒரு சிறு கணிப்பொறிக்குப் போகிறது. எவ்வளவு காற்றை உள்ளே விடுவது, எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது என்பதை அக்கணிப்பொறி முடிவு செய்கிறது. காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து அமர்ந்துவிட்டார் என்று சொன்னால் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம். சிக்கன முறையில் அவர் அடக்கமாக மொழிபெயர்க்கிறார். "விரைந்து போ" என்று கால் உரக்கச் சொன்னால், "சற்று விரைந்து போ" என்று எஞ்சினிடம் சொல்கிறார்.

இது முதல் வேலை. தானாகவே கியர் மாறும் வண்டிகளில் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. சாதாரண நிலையில் மாறுவதைவிட முன்னதாகவே மேல் கியருக்கு மாறிவிடும். கீழ்க் கியருக்கு இறங்கத் தயங்கும். எஞ்சின் குறைந்த சுற்றில் சுழன்றால் அதன் உள்ளுறுப்புகளின் உராய்வில் வீணாகும் ஆற்றல் குறையும் என்பது இதன் காரணம். மூன்றாவது, குளிர்சாதனத்தைப் பற்றியது. குளிர்சாதனத்தின் அமுக்கியை எஞ்சினே சுழற்றுவதால், பல வண்டிகளில் சிக்கன முறை அதன் உழைப்பைக் குறைக்கிறது. இம்மூன்றும் எல்லா வண்டிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு வண்டியில் மிதியை அடிவரை அழுத்தினால் சிக்கன முறை ஒதுங்கிக்கொண்டு முழு வலிமையையும் தரும். வேறொரு வண்டியில் அப்போதும் சற்றுப் பிடித்து வைத்துக்கொள்ளும். தத்தம் வண்டியில் எது நிகழ்கிறது என்பதைக் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்வது நல்லது. வண்டியுடன் தரப்படும் கையேடுகளைப் படிப்பவர்கள் மிகச் சிலர் என்பதை, அத்தகைய நூல்களை மொழிபெயர்ப்பவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இரார்.

ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். வண்டியின் எடையையோ, எதிர்க்கும் காற்றையோ, சாலையில் சக்கரம் உருளும் தடையையோ சிக்கன முறை மாற்றுவதில்லை. எஞ்சினுக்குப் புதிய திறமை எதையும் தருவதுமில்லை. குளிர்சாதனத்தைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டால், அது அடக்குவது முழுவதும் ஓட்டுநரின் காலைத்தான். எனவே, பெட்ரோல் எங்கே காலால் வீணாகிறதோ அங்கேதான் அதனால் பயன் உண்டு. காலால் வீணாகாத இடத்தில் அது வெறும் தடை. சில இடங்களில் அபாயமான தடை.

காலால் பெட்ரோல் வீணாவது எங்கே? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது என்று கொள்வோம். அந்த வேகத்தை வண்டிக்கு ஊட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகும். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கின் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது, பிரேக்கை மிதிக்கிறோம். அந்தச் சங்குப் பெட்ரோல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. அதே இடைவெளியில் 50க்குப் பதிலாக 60 கிலோமீட்டர் வேகம் வரை போய்விட்டு நின்றிருந்தால், வீணானது நூற்றுக்கு 44 பங்கு அதிகம். ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியாக உயர்கிறது. இத்தகைய நிறுத்தங்கள் 70 அல்லது 80 சேர்ந்தால் ஒரு லிட்டர் ஆகிவிடும்.

தில்லியில் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து மத்தியச் செயலகம் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் இருக்கும். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு அப்பாதையில் போய்ப் பார்த்தால் மேற்சொன்ன கணக்கின் பொருள் விளங்கும். பச்சை விளக்கு விழுந்தவுடன் முன்னே பாய்கிற கார், 300 மீட்டர் தள்ளி அடுத்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. மெதுவாகக் கிளம்பிய கார் சிறிது நேரம் கழித்து அதே வாலில் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. முன்னவர் அடைந்த இலாபம் ஒரு வண்டியின் நீளம். கொடுத்த விலை ஒரு சங்குக்கு மேல். இங்கேதான் சிக்கன முறையை அழுத்த வேண்டும். அது காலின் பரபரப்பைத் தணித்து, இரண்டு விளக்குகளுக்கிடையே வண்டி 60ஐ எட்டாமல் 40, 45 அளவில் நிற்கச் செய்கிறது. மெல்லக் கிளம்பும் காருக்குப் பின்னால் நிற்பவர் ஹார்னை ஒலிப்பார் என்பது உண்மை. தில்லியில் விரைந்து கிளம்பினாலும் ஒலிக்கிறார்கள். ஆகவே அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இயல்பாகவே மென்மையான கால் வாய்த்தவர்களுக்கு நகரத்திலும் சிக்கன முறையால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். தூரத்து விளக்கைப் பார்த்தவுடன் மிதியிலிருந்து காலை எடுத்து, உருண்டுபோய்ச் சேரும்போது பச்சை விழும்படி ஓட்டுகிறவர்கள், அப்பொத்தான் செய்வதைத் தாமே செய்துகொள்கிறார்கள். கனத்த காலுடையவர்களுக்கே அதன் பயன் மிகுதி. தாம் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை யாரும் தாமாக ஒப்புக்கொள்ளப் போவதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, வழக்கமான அலுவலகப் பாதையில் இரண்டு வாரம் சிக்கன முறையுடன் ஓட்டி, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு வாரம் அது இல்லாமல் அதே பாதையில் ஓட்டிக் குறிக்க வேண்டும். விற்பனை விளம்பரத்தில் கண்ட எண்ணோடு இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. அந்த எண், பரிசோதனைக் கூடத்தில் உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, குளிர்சாதனத்தை அணைத்து, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு வகுத்த ஓட்டத்தில் அளக்கப்படுவது. அங்கே ஹார்னும் இல்லை, மாடும் இல்லை.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சினை அணைப்பது வேறு காரியம். சிக்கன முறையோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது. சில வண்டிகளில் நின்றவுடன் எஞ்சின் தானே அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் தானே உயிர்பெறும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. இல்லாத வண்டியில் நாமே சாவியைத் திருப்ப வேண்டியதுதான். நின்றபடி ஓடும் கார் எஞ்சின், குளிர்சாதனத்தின் நிலைக்கேற்ப, ஒரு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். 1978ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் தில்லி அரசு, 'சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்து' என்னும் கருத்துப்பட இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு முழக்கத்துடன் சந்திப்புகளில் ஆட்களை நிறுத்திப் பிரசாரம் செய்தது. அது பெட்ரோலுக்காக அன்று. குளிர்காலத்தில் நகரத்தின்மேல் கவியும் புகைக்காக.

இனி நகரத்தை விட்டு வெளியே செல்வோம். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலையின் நீளம் 165 கிலோமீட்டர். விளக்கும் இல்லை, குறுக்குச் சாலையும் இல்லை. இத்தகைய பாதையில் ஒரே வேகத்தில் போகும் காருக்குச் சிக்கன முறையால் ஆவது அநேகமாக ஒன்றுமில்லை. அங்கே எஞ்சினின் வேலையை நிர்ணயிப்பது கால் அன்று, காற்று. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் இருபடியாகவே உயர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 80ஆகக் குறைத்தால், காற்றைப் பிளப்பதற்குக் கிலோமீட்டர்தோறும் செலவாகும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ஆக்ரா போய்ச் சேர ஏறத்தாழ 25 நிமிடம் கூடுதலாகும். அந்த 25 நிமிடத்தைக் கொடுக்க விரும்பாதவர் பச்சை இலையைப் பார்த்து மனநிறைவு கொள்வதில் பொருளில்லை. சிக்கன முறையை அழுத்திவிட்டு 100 கிலோமீட்டரில் பறப்பதைவிட, அழுத்தாமல் 80இல் செல்வது எத்தனையோ மடங்கு சிக்கனம்.

விரைவுச்சாலையில் நுழையும் பக்கப் பாதையில் மட்டும் அந்தப் பொத்தானை விட்டுவிட வேண்டும். உள்ளே போகிறவன் சில நூறு மீட்டருக்குள் பிற வண்டிகளின் வேகத்தை எட்டிப்பிடித்தாக வேண்டும். 50இல் தயங்கி நுழையும் காரை 100இல் வருகிறவர் பின்னாலிருந்து எதிர்பார்ப்பதில்லை.

இதைவிட மிகுந்த கவனம் வேண்டிய இடம், நடுவே பிரிப்பு இல்லாத இருவழிச் சாலை. நம் நாட்டின் மாநில நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி இன்னமும் அவ்வகையைச் சேர்ந்தவை. கரும்பு ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஊர்கிறது. எதிர்ப்பக்கம் காலியாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஓட்டுநர் வெளியே எடுத்து மிதியை அழுத்துகிறார். சிக்கன முறையில் உள்ள வண்டி அந்த அழுத்தத்தை அரைமனத்தோடு கேட்கிறது, கீழ்க் கியருக்கு இறங்கலாமா என்று யோசிக்கிறது, பிறகே இறங்குகிறது. இந்தத் தயக்கம் ஒரு நொடிதான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே பஸ் ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறது. நம் வண்டியும் 80ஐ எட்டிவிட்டது என்றால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நொடிக்கு 44 மீட்டர் வீதம் கரைந்துகொண்டிருக்கிறது. வண்டியில் நான்கு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் இருந்தால் தயக்கம் இன்னும் கூடும். வெளியே எடுத்தபின் பொத்தானைத் தேடுவது தற்கொலைக்கு ஒப்பானது. முந்தவேண்டிய சாலை இது என்று தெரிந்தவுடனே, லாரியின் பின்னால் அமைதியாக வரும்போதே, அதை விட்டுவிட வேண்டும். பிறகு அந்தச் சாலை முடியும்வரை திரும்ப அழுத்த வேண்டாம். ஓரிரு சங்குப் பெட்ரோலை வைத்து நான்கு உயிர்களுக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

பழகிய ஓட்டுநர்கள் சிலர், "மிதியை அடிவரை அழுத்தினால் முழு வலிமையும் வந்துவிடும், ஆகவே பயமில்லை" என்பார்கள். பல வண்டிகளில் அது சரியே. ஆனால் அவசரத்தில் கால் அடிவரை போவதில்லை என்பதே அனுபவம். பாதியளவு அழுத்தினால் என்ன கிடைக்கும் என்று கால் பழகியிருக்கிறதோ அதைத்தான் அப்போது எதிர்பார்க்கும்.

மலைப் பாதையும் இதைச் சார்ந்ததே. சில ஆண்டுகளுக்கு முன், நாமும் அலுவலக நண்பர் இருவரும் ஒரு பணியின் பொருட்டு டேராடூன் ரயில் நிலையத்தில் இறங்கி, வாடகைக் கார் ஒன்றில் முசூரிக்குச் சென்றோம். ஓட்டுநர் அறுபது வயதை நெருங்கிய கட்வாலி. ஊருக்குள் பச்சை இலை எரிந்துகொண்டிருந்தது. ராஜ்பூர் சாலையைக் கடந்து ஏற்றம் தொடங்குமிடத்தில் அவர் பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலால் அதை அணைத்தார். எதற்கு என்று கேட்டோம். கழுதையின்மேல் பொதி ஏற்றிவிட்டு வாயையும் கட்டுவார்களா என்று இந்தியில் திருப்பிக் கேட்டார். கையேட்டில் நான்கு பக்கம் எழுதியிருப்பதன் சாரம் அவ்வளவுதான்.

அவர் சொன்னதைக் கணக்காகவும் சொல்லலாம். டேராடூன் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 650 மீட்டர். முசூரி 2,000 மீட்டர். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,500 கிலோகிராம் எடையுள்ள காரை 1,350 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், இன்றைய பெட்ரோல் எஞ்சினின் திறமையைக் கருதினால், 2 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். இந்த 2 லிட்டரைப் புவியீர்ப்பு கேட்கிறது. எந்தப் பொத்தானும் அதில் ஒரு சொட்டைக் குறைக்க இயலாது. குறைக்க முயன்றால், மேல் கியரில் குறைந்த சுற்றில் எஞ்சின் திணறும். ஓட்டுநர் மேலும் மேலும் மிதிப்பார். கியர் மேலும் கீழும் அலையும். கொண்டையூசி வளைவில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னோக்கி நழுவப் பார்க்கும்.

இறக்கத்தில் நிலைமை வேறு. அங்கே பழைய நம்பிக்கை ஒன்றைக் களைய வேண்டியிருக்கிறது. கியரை விடுவித்து வண்டியைச் சும்மா உருளவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று கார்புரேட்டர் காலத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய எஞ்சின்களில் அது தலைகீழ். வண்டி கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. கணிப்பொறி பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. கியரை விடுவித்தாலோ, எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோலைத் தெளித்தாக வேண்டும். மிச்சமும் இல்லை, எஞ்சினின் பிடிப்பும் போய், முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுந்து அது காய்ந்துவிடும். முசூரியிலிருந்து இறங்கும்போது கீழ்க் கியரில் எஞ்சினின் பிடிப்போடு இறங்குவதுதான் பாதுகாப்பு, சிக்கனமும் அதுவே. சிக்கன முறை மேல் கியரையே நாடுவதால், இறக்கத்திலும் அதை அணைத்துவைப்பது நல்லது.

குளிர்சாதனத்தைப் பற்றி இரண்டு குறிப்புகள் சொல்ல வேண்டும். மே மாதத்தில் வெயிலில் நின்ற காருக்குள் கால் வைக்க முடியாது. அப்போது முதலில் கண்ணாடிகளை இறக்கி, உள்ளே அடைபட்ட அனல் வெளியேறும்படி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகு குளிர்சாதனத்தை முழு வலிமையோடு இயக்கி, உள்ளே பதமான பிறகே சிக்கன முறையை அழுத்த வேண்டும். முதியவரோ கைக்குழந்தையோ வண்டியில் இருந்தால் அதை அழுத்தாமலே விட்டாலும் தவறில்லை. மற்றொன்று, மழைக்காலத்துக்கும் மார்கழி, தை மாதங்களின் பனிமூட்டத்துக்கும் உரியது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால், ஈரத்தை நீக்குவதற்குக் குளிர்சாதனத்தின் அமுக்கி நன்றாக உழைத்தாக வேண்டும். சில வண்டிகளில் சிக்கன முறை வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழலவிடுவதால் ஆவி இன்னும் படியும். சாலை தெரியாத நிலையில் முதல் வேலை கண்ணாடியைத் தெளிவாக்குவது. பச்சை இலை பிறகு வரட்டும். ஆனால் மழையில் வழுக்கும் தரையில் கண்ணாடி தெளிவாக இருக்கும்போது, மிதியின் மென்மை நன்மையே செய்கிறது. சக்கரம் சறுக்காமல் கிளம்பும்.

இவ்வளவு சிறிய மிச்சத்துக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று நேயர் ஒருவர் கேட்கலாம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது, பெட்ரோல் விலையேற்றத்தைக் கண்டிக்க அடல் பிகாரி வாஜ்பாயி மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்ததைப் பழைய தில்லிவாசிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று கார் வைத்திருந்தோர் மிகச் சிலர். இன்று அலுவலகக் குமாஸ்தாவும் தவணையில் ஒன்று வாங்கிவிடுகிறார். ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. முக்கால் கிலோ எடையுள்ள திரவத்திலிருந்து இவ்வளவு எப்படி வரும் என்று ஐயுறலாம். மிகுதி எடை காற்றிலிருந்து அது இழுத்துக்கொண்ட பிராணவாயு. 'ஈக்கோ' என்ற துண்டுச்சொல்லின் இரண்டு பொருள்களும் நகரத்துச் சிவப்பு விளக்கில் ஒன்றாகச் சந்திக்கின்றன. நம் பணப்பையின் நலனும் மூச்சின் நலனும் அவ்விடத்தில் ஒன்றே.

மின்கலமும் எஞ்சினும் சேர்ந்து இழுக்கும் கலப்பு வண்டிகளிலும், முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளிலும் நிலைமை சிறிது வேறுபடும். அவற்றில் பிரேக் பிடிக்கும்போது வேகத்தின் ஆற்றலில் ஒரு பகுதி மின்சாரமாக மாறி மின்கலத்துக்குத் திரும்புகிறது. சங்கு முழுவதும் கவிழ்ந்துவிடுவதில்லை. கலப்பு வண்டியில் சிக்கன முறை, எஞ்சினைக் கூடியவரை தூங்கவிட்டு மின்சாரத்தாலேயே ஓட்டப் பார்க்கிறது; நெரிசலில் அதைத் தயங்காமல் அழுத்தலாம். மின்சார வண்டியில், அடுத்த மின்னூட்டு நிலையம் தொலைவில் இருக்கும்போது அது கைகொடுக்கும். முந்துவதற்கும் நுழைவதற்கும் மேலே சொன்ன எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

ஒரே காரைக் கணவனும் மனைவியும் மகனும் மாறிமாறி ஓட்டும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்தவுடன் சிக்கன முறையும் நீங்கி, மறுநாள் சாதாரண நிலையிலேயே கிளம்பும். வேறு சில வண்டிகள், அணைத்தபோது எந்த நிலையில் இருந்தனவோ அதை நினைவில் வைத்திருந்து, அதே நிலையில் கிளம்பும். முந்தின நாள் மாலை அலுவலகத்திலிருந்து நெரிசலில் வந்தவர் அழுத்திவைத்த பொத்தான், மறுநாள் விடியற்காலையில் ஹரித்துவாருக்குப் புறப்படுகிறவருக்குத் தெரியாமல் அழுத்தப்பட்டே இருக்கும். இருக்கையையும் கண்ணாடியையும் தமக்கேற்பத் திருத்திக்கொள்ளும்போதே, முன்பலகையில் இலை ஒளிர்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.